சைக்கிள் எங்கே போச்சு?

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் இரண்டே பதில்தான்: "நல்லாத்தான் இருக்கு", "பரவால்ல". சொன்ன கையோடு ஆளுக்கொரு கொட்டாவி விட்டுப் பாயைத் தேடிப் போய்விடுவார்கள்.

2024 கடைசியில் எங்கள் வீட்டில் 'மெய்யழகன்' பார்த்த இரவும் அப்படித்தான் முடிந்தது. எங்கள் ஊர் கொரடாச்சேரிப் பக்கம். படத்தில் அரவிந்த்சாமி கல்யாணத்துக்கு வந்து இறங்குகிற நீடாமங்கலம் எங்களுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். ரயில்வே கேட் போட்டிருந்தால் கணக்கு இல்லை. தஞ்சாவூர் வீட்டைச் சொத்துத் தகராறில் இழந்து 1996-ல் ஊரை விட்டுப் போன ஒரு குடும்பம். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அந்த வீட்டுப் பையன் ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறான். "அத்தான், அத்தான்" என்று உயிரை விடுகிற ஒருவன் அவனை விழுந்து விழுந்து கவனிக்கிறான். அவன் யார், பேரென்ன என்று இவனுக்கு ஞாபகமில்லை, கேட்கவும் வெட்கம். டெல்டாவில் பிறந்து வெளியூரில் வேலை பார்க்கிற எவருக்கும் கல்யாண வீட்டில் இந்தச் சங்கடம் ஒரு தடவையாவது வந்திருக்கும். அப்படிப்பட்ட படத்தைப் பார்த்துவிட்டு என் அம்மா சொன்னது: "நல்லாத்தான் இருக்கு. கதவத் தாப்பாப் போடு."

மறுநாள் காலை அம்மா கொல்லையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்து எதிரில் உட்கார்ந்தேன். படத்தில் ஒரு சைக்கிள் வரும். ஊரை விட்டுப் போனவர்கள் விட்டுச் சென்ற பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கும். அதை நினைத்துக்கொண்டு சும்மா கேட்டேன்: "நம்ம வீட்டு சைக்கிள் எங்கம்மா போச்சு?"

அப்பாவுடைய சைக்கிள் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் களவு போய்விட்டது என்றுதான் நாற்பது வருஷமாக நான் நம்பியிருந்தேன். அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"களவும் போவல, ஒண்ணும் போவல," என்றார் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேட்டூர்த் தண்ணி நேரத்துக்கு வராத வருஷம். குத்தகை நெல்லு அளக்கணும். வித்துத்தான் அளந்தாங்க உங்கப்பா. புள்ளைங்ககிட்ட சொல்லாதன்னாங்க." கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலேயே சொன்னார்: "வாங்குனவரு தெனம் நம்ம வாசல் வழியாத்தான் போவாரு. அந்த மணிச் சத்தம் கேட்டாப் போதும், உங்கப்பா எந்திரிச்சு உள்ள போயிருவாங்க."

அப்பா இறந்து பல வருஷமாகிறது. மூன்று மணி நேரப் படம் கொடுக்காததை ஒரு கட்டுக் கீரை கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். படம் பார்க்காவிட்டால் அந்தக் கேள்வியை நான் கேட்டே இருக்க மாட்டேன். ஆனால் படம் முடிந்த இரவே கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது.

சாமானைப் பிடியுங்கள்

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழி எளிது. படம் பார்க்கும்போதே அதில் வருகிற ஒரே ஒரு சாமானை மனதில் குறித்துவையுங்கள். கதை, நடிப்பு, இசை எல்லாம் இருக்கட்டும். கையால் தொடக்கூடிய ஒரு பொருள் வேண்டும். ஓர் இரவு போகட்டும். மறுநாள் எதிராளியின் கை ஏதாவது வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அந்தச் சாமானைப் பற்றிக் கேளுங்கள். கை சும்மா இருக்கும்போது, நேருக்கு நேர் முகம் பார்த்து, நம் வீட்டுப் பெரியவர்கள் பழசைப் பேசுவதில்லை. பயறு புடைக்கும்போது பேசுவார்கள், கீற்று முடையும்போது பேசுவார்கள், சாக்குத் தைக்கும்போது பேசுவார்கள்.

"உங்களுக்கு அந்தக் காட்சியில் என்ன தோன்றியது?" என்பது பேட்டி எடுப்பவர் கேள்வி. எழுபது வயதுக்காரரிடம் அதைக் கேட்டால் தனக்குப் பரீட்சை வைப்பதாக நினைத்துக்கொள்வார். சாமானைப் பற்றிக் கேட்டால் அவர்தான் வாத்தியார்.

எந்தப் படத்திலும் அப்படி ஒன்று கிடைக்கும். மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி' 2022-ல் வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துக் கதை. நம் மண்ணும் பேச்சும் இல்லை. நல்லாண்டி என்ற நிஜமான முதிய விவசாயிதான் கதாநாயகன். படம் வெளியாவதற்குள் அவர் காலமாகிவிட்டார். சாமிக்குப் படைக்க ஒரு மரக்கால் நெல் விளைவித்துத் தர வேண்டும், படம் முழுக்க அவ்வளவுதான். அதைப் பார்த்த வீட்டில் கேட்க வேண்டியது: "விதைநெல்ல நாம எதுல வச்சிருந்தோம்?" பத்தாயம் வரும், குதிர் வரும், வைக்கோல் புரி சுற்றிக் கட்டிய விதைக்கோட்டை வரும். அந்தக் கோட்டையைக் கட்டத் தெரிந்த கடைசி ஆள் யார் என்பது வரும். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்குப் போய் இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கி வந்து, வருஷாவருஷம் பெருக்கித் திருப்பிக் கொடுத்த கதையும் சில வீடுகளில் வரும். படத்தில் வருகிற மயில் வழக்கு, கோர்ட்டு எல்லாம் அப்புறம் தானாக வரும், வராமலும் போகும். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சாமான் கிடைக்காத படமும் உண்டு. அதைப் பார்த்து, ரசித்து, மறந்துவிடலாம். எல்லாப் படத்தையும் பிழிய வேண்டியதில்லை.

எப்போது

டெல்டாவில் குடும்பத்தோடு படம் பார்க்க நாள் குறிப்பது கல்யாணத்துக்கு நாள் குறிப்பது போலத்தான். பொங்கலுக்குப் பெரிய படங்கள் வரும். தியேட்டர்காரர்களுக்கு அது சரி. நமக்கு அப்போது சம்பா வயலில் தலை சாய்ந்து நிற்கும், அறுப்பு மெஷினுக்கு வரிசை. அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் எடுக்க மாட்டார்கள். மேகம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே காவல் கிடப்பவர்கள் இரவில் போனில் தனித்தனியாகப் படம் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது தூக்கத்தை விரட்டும் வேலை. இந்த அத்தியாயம் பேசும் விஷயத்தில் சேராது.

நெல் எடைபோட்டுப் பணம் கணக்கில் ஏறிய பிறகு மாசி, பங்குனியில் வையுங்கள். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் சித்திரை, வைகாசி இன்னும் நல்லது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்கள் என்றால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்கிற நாட்களில் வீட்டில் இருக்கிற ஆம்பளை எவரும் திரையைப் பார்க்க மாட்டார். பார்த்தாலும் மனசு மதகில் இருக்கும்.

தியேட்டருக்குப் பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் பகல் காட்சி, ஓரத்து இருக்கை, ஏ.சி.க்கு ஒரு சால்வை, இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் முன்பே கழிப்பறை. இருட்டில் படிக்கட்டு ஏறுவது முழங்கால்காரர்களுக்குப் பெரிய பாடு. விளக்கு அணைவதற்கு முன் உட்கார வைத்துவிடுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் சான்றிதழைப் பாருங்கள். முன்பு யு/ஏ என்று ஒரே பிரிவில் முடிந்துவிடும். இப்போது 7, 13, 16 என்று வயது போட்டே கொடுக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில் நீடாமங்கலம் கேட் போட்டிருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் அணைந்த பஸ், வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர், எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது: பேச்சுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

யார் எங்கே உட்காருவது

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பாதிப் பொய்.

தமிழ்நாட்டில் சினிமா ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக்கொண்டு வந்தது. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கிக்கொண்டு புறப்பட்டவர். அவர் வழியில் வந்த டென்ட் கொட்டாய்களில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று காசுக்கு ஏற்ற இடம். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. பின்னால் இருப்பவர் உதைத்துக் கலைப்பார். இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க முடியாது என்பது அந்தக் கொட்டாய்களின் பெரிய புண்ணியம்.

டிவி வந்தபோது அந்தப் புண்ணியம் போய்விட்டது. ஊருக்கு ஒன்றோ இரண்டோ வீட்டில்தான் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வீட்டுக்காரர்கள் கூடத்தில், தெருக்காரர்கள் தாழ்வாரத்தில், வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு. அழுகிற காட்சிக்கு மூன்று இடத்திலும் அழுகை வரும். யாரும் இடம் மாற மாட்டார்கள். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைப் பற்றி ஆயிரம் கேலி உண்டு. எங்கள் பக்கத்தில் அது ஜன்னல் கம்பிகளைக் காலி செய்தது. ஒரு பிள்ளை தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தன் இஷ்டத்துக்குச் சேனல் மாற்றியது.

ஆனால் வாசற்படி இன்னும் காலியாகவில்லை. உங்கள் வீட்டில் குடும்பத்தோடு படம் ஓடும்போது பாருங்கள்: பாத்திரம் துலக்க வந்தவரோ, நெல் காய வைக்க வந்தவரோ, கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் ஒரு காட்சி முழுக்க நின்று பார்த்துவிட்டுப் போவார். "அன்புக்குரியவர்களோடு படம் பார்த்தேன்" என்று சொல்லும்போது அவரைச் சேர்த்தீர்களா? சேர்த்தேன் என்றால், நாற்காலிகளை எடுத்துவிடுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு மட்டும் ஒன்று இருக்கட்டும். மற்ற எல்லாரும் பாயில். "வா, சேர்ல உக்காரு" என்று ஒருவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் அவர் கூச்சத்தில் போய்விடுவார். எல்லாருக்கும் பாய் என்றால் அவருக்கும் பாய், பேச்சில்லை. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அக்கா முதல் தடவை பாயின் விளிம்பில், பாதி தரையில்தான் உட்கார்ந்தார். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை என் மகள் அவர் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டதால் நகர வழியில்லாமல் போனது.

டென்ட் கொட்டாயிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரே புரொஜக்டர். ரீல் முடிந்தால் விளக்கு எரியும், அடுத்த ரீல் மாட்டும்வரை முறுக்கும் வம்பும். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. யார் யாருக்கு என்ன உறவு, வில்லன் ஏன் கோபப்பட்டான் என்று காது மந்தமானவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லித் தெளியவைத்தது அந்த நேரத்தில்தான். இப்போது கையில் ரிமோட் இருக்கிறது. மணிக்கு ஒருதரம் நிறுத்தி, காபி போட எழுந்திருங்கள். 'மெய்யழகன்' வெளியான சில நாட்களில் நீளம் என்று பதினெட்டு நிமிஷத்தை வெட்டினார்கள். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கவலை தேவையே இல்லை. இரண்டு ராத்திரியாகப் பார்த்தால் எந்தப் படமும் நீளமில்லை.

1968

சாமானைப் பிடித்து இழுத்தால் சில சமயம் நாம் எதிர்பார்க்காத கிணற்றிலிருந்து வாளி வரும். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

போன கோடையில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டோம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரை ஏ.பி. நாகராஜன் 1968-ல் படமாக எடுத்தார். நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம், ஆட்டக்காரி திருவாரூர் மோகனா. எங்களுக்கு இரண்டு ஊரும் பக்கத்து ஊர். சிவாஜியின் கன்னம் உப்புவதைப் பார்த்துவிட்டு அவரே வாசித்தார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். பிள்ளைகளுக்கு நாகேஷும் மனோரமாவும் போதும். அவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சாமான் இதில் தேட வேண்டியதில்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளி திருவாவடுதுறையில் நாணலிலிருந்து செய்கிறார்கள். இதையெல்லாம் மகளிடம் அளந்துவிட்டு, மறுநாள் அம்மாவிடம் கேட்டேன்: "உங்க கல்யாணத்துக்கு யாரும்மா நாயனம்?" அம்மா அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமும் அதே 1968-தான். கல்யாணமாகி வந்த கையோடு அப்பா மாட்டுவண்டி கட்டித் திருவாரூருக்கு அழைத்துப் போய்க் காட்டிய படமும் இதுதான். நாயனக்காரர் பேர், தவில்காரருக்குக் காய்ச்சல் வந்தது, வண்டியில் திரும்பும்போது அப்பா தில்லானாவை வாயால் வாசித்தது என்று வரிசையாக வந்தது. அப்பா வாயால் நாயனம் வாசிப்பார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அப்புறம் அம்மா சொன்னார்: "அந்த வருஷம் மார்கழியிலதான் வெண்மணி."

1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். படத்தில் வருகிற சிக்கலிலிருந்து அது அதிக தூரமில்லை. "நாலு நாளைக்கு எங்க தெருவுல ஆம்பளைங்க மெதுவாத்தான் பேசிக்கிட்டாங்க. நாங்க கேட்டா, உள்ள போ-ம்பாங்க," என்றார் அம்மா. அவ்வளவுதான். வெங்காயம் முடிந்துவிட்டது. பாயில் உட்கார்ந்து எங்களோடு படம் பார்த்த அக்கா அப்போது கிணற்றடியில் இருந்தார். காதில் விழுந்திருக்கும். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று என்னால் சொல்ல முடியாது. என்ன செய்யக்கூடாது என்று சொல்வேன். போனை எடுத்துத் தேதியைச் சரிபார்க்காதீர்கள். "நம்ம குடும்பம் அப்ப எந்தப் பக்கம்?" என்று அங்கேயே மடக்காதீர்கள். "அதெல்லாம் பழங்கதை" என்று மூடவும் செய்யாதீர்கள். அந்தக் கேள்வி உங்களுக்குள் இருக்கட்டும். அது தானாக இன்னொரு படத்துக்கு இட்டுப் போகும். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலைப் படமாக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' 1983-ல் வந்தது, ஸ்ரீதர்ராஜன் எடுத்தது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம். 'அசுரன்' நெல்லைச் சீமைக் கதை என்றாலும் குடிசை எரிகிற காட்சியில் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே ஊரைத்தான் நினைத்துக்கொண்டோம். அன்றைக்கு யாரும் நிறுத்திக் காபி போடவில்லை.

வம்புகள், சிறியவை

'பொன்னியின் செல்வன்' பார்க்கும்போது கல்கியைப் படித்தவர்களை ஓர் ஓரமாக உட்கார வையுங்கள். "நாவல்ல இப்படி இல்ல" என்று படத்துக்கு மூன்று தடவை மட்டும் சொல்லலாம் என்று எங்கள் வீட்டில் சட்டம். என் மைத்துனர் முதல் பாகத்தில் இடைவேளைக்குள்ளேயே மூன்றையும் செலவழித்துவிட்டு மீதி நேரம் பெருமூச்சு மட்டும் விட்டார். சண்டை முற்றினால் மறுநாள் பட்டீஸ்வரத்துக்கு வண்டி எடுத்து, பக்கத்தில் பழையாறையைக் காட்டுங்கள். சோழர் அரண்மனை இருந்த ஊரில் இன்றைக்கு வாழைக்கொல்லையும் வயலும். நாவல், படம் இரண்டு கட்சியும் அங்கே வாயை மூடிக்கொள்ளும்.

'பாபநாசம்' என்றதும் நம்ம ஊர் பாபநாசம் என்று ஆசையாக உட்கார வேண்டாம். அது திருநெல்வேலிப் பாபநாசம். ஆனால் பார்க்கலாம். ஒரு குடும்பமே சேர்ந்து சினிமாவுக்குப் போனதைச் சாட்சியாக வைத்துத் தப்பிக்கப் பார்க்கிற கதை. நம் அத்தியாயத்துக்கு அதைவிட நெருக்கமான படம் கிடையாது.

வெளிநாட்டில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்வது கஷ்டமில்லை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை வீடுகளில் இது பழகிப்போன விஷயம். நமக்கு ராத்திரி ஏழு என்றால் சிங்கப்பூரில் ஒன்பதரை, துபாயில் ஐந்தரை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே பார்க்க முயன்றால் ஒரு நொடி முன்பின்னாகி எல்லாச் சிரிப்பும் இரண்டு தடவை கேட்கும். தனித்தனியாகப் பார்த்துவிட்டு மறுநாள் சாமானைப் பற்றி மட்டும் பேசுங்கள். என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். சைக்கிள் விஷயத்தை அவனிடம் சொன்னபோது வெகுநேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும்ண்ணே," என்றான் கடைசியில். "வாங்குனவரு என்னைய அதுல ஒருநாள் பள்ளிக்கூடத்துல இறக்கிவிட்டாரு."

பார்க்காதவருக்குச் சொல்லுதல்

முன்பெல்லாம் தஞ்சாவூர் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவர் ஊருக்குக் கடன்பட்டவர். பார்க்காதவர்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து காட்சி காட்சியாகக் கதை சொல்ல வேண்டும். நல்ல சொல்லி ஒருவர் மூன்று மணி நேரப் படத்தை நாலு மணி நேரம் சொல்வார். இந்த வழக்கத்தை மீட்டெடுக்கப் பெரிய முயற்சி தேவையில்லை. பாதியில் தூங்கிப்போனவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். மிச்சத்தை அவருக்குச் சொல்லும் வேலையை வீட்டில் குறைவாகப் பேசுகிறவரிடம் கொடுங்கள். அவர் எதை நீட்டுகிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். குறுக்கே திருத்தாதீர்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள். தப்பில்தான் அவர் இருக்கிறார்.

2018 தீபாவளிக்கு '96' படத்தை டிவியில் போட்டார்கள். தியேட்டருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் இருபத்திரண்டு வருஷம் கழித்து ஓர் இரவு சந்தித்துப் பிரிகிறார்கள். ஜானு சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுகிறாள். கணவன் மனைவி சேர்ந்து பார்க்க ஆபத்தான படம் என்பது என் சொந்த அபிப்பிராயம். பார்த்துவிட்டு இரண்டு பேரும் இரண்டு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். மறுநாள் பள்ளிக்கூட போட்டோ எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

தீபாவளி கழிந்து சரியாகப் பத்தாம் நாள், நவம்பர் 16 விடியற்காலையில், கஜா புயல் கரையேறியது. தென்னை சாய்ந்தது, கம்பம் சாய்ந்தது, நாட்கணக்கில் கரண்ட் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் ஊரே இருட்டு. பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் கூடத்து அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். படம் பார்த்தது எங்கள் வீட்டில் என்பதால் சொல்லும் பொறுப்பு அம்மாவிடம் வந்தது. பிள்ளைகள் பாதியில் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை.

அம்மா பள்ளிக்கூடத்தைச் சொன்னார். அந்தப் பெண் பாடுகிறதைச் சொன்னார். இரவெல்லாம் இரண்டு பேரும் ஊரைச் சுற்றுவதைச் சொன்னார். ஏர்போர்ட் வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தி, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"அப்புறம் அந்தப் புள்ள பிளேன் ஏறிடுச்சா, அத்தாச்சி?"

"எங்க ஏறுனா? அதுக்குள்ளதான் கஜா வந்து பிளேன நிறுத்திப்புட்டுதுல்ல," என்றார் அம்மா.